சாவி சரி, கார் ஏன் அசையவில்லை?

இந்த அரங்கில் பேச எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘வாகனப் பூட்டின் வரலாறு’. மன்னர்களுக்கு வரலாறு உண்டு, கோயில்களுக்கு உண்டு, கார்ச் சாவிக்கு ஏது வரலாறு என்று சிலர் சிரிக்கலாம். பினாங்கு ஃபெரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு நேர்ந்தது நேராமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அது ஃபெரிகள் கார்களை ஏற்றிக்கொண்டிருந்த காலம். 2020ஆம் ஆண்டோடு அது முடிந்துபோய், இப்போது தீவுக்குக் காரில் வர இரண்டு பாலங்கள்தான் வழி. அன்று பட்டர்வொர்த்தில் ஏறி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கடற்காற்று வாங்கிக்கொண்டு நின்றோம். சாவிக்கொத்து என் சின்ன மகன் கையில் இருந்தது. கரை நெருங்கியதும் வாங்கிப் போட்டுத் திருகினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினேன். அதே கதை. பாலப்பலகை இறங்கிவிட்டது, முன்னால் நின்ற கார்கள் போய்விட்டன, பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஹாரனை அமுக்குகிறார்கள். கடைசியில் ஃபெரி ஊழியர்கள் மூன்று பேர் சேர்ந்து என் காரைத் தள்ளிக் கரையேற்றினார்கள்.

மறுநாள் பட்டறையில் பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்றார்கள். மாற்றினேன். கார் அசையவில்லை. பிளக் என்றார்கள், பிறகு கம்ப்யூட்டர் பெட்டி என்றார்கள். அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டதும் காரையே விற்றுவிடலாமா என்று தோன்றியது. என் அம்மா, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிப் பார் என்றார். ஓடினால்தானே அம்மா பழத்தை நசுக்க முடியும்!

அந்தக் காருக்கு வந்த நோய் என்னவென்று பிறகு சொல்கிறேன். அந்த நோய்க்கு ஒரு பரம்பரை இருக்கிறது. அதை அறிந்தால்தான் இது விளங்கும்.

பொத்தான் வந்தது, திருடனும் வந்தான்

ஆரம்பகாலக் கார்களை இரும்புக் கம்பியை முன்னால் செருகிக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். பழக்கமில்லாதவன் சுற்றினால் கம்பி திருப்பியடித்துக் கை முறியும். அதுவே ஒரு காவல்தான். 1912இல் கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. காரைக் கிளப்புவது எல்லாருக்கும் எளிதாயிற்று. அந்த எல்லாரிலும் திருடனும் அடக்கம்.

ஆகவே எஞ்சின் பூட்டு என்ற எண்ணம் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1919இலேயே அமெரிக்காவில் எவன்ஸ், பிர்கன்பியூல் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். காருக்குள் ஒரு பலகையில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது சுவிட்சுகள். சரியான அமைப்பில் வைத்தால் பேட்டரி மின்சாரம் பிளக்குகளுக்குப் போகும், எஞ்சின் கிளம்பும். தவறாக வைத்தால் எஞ்சின் கிளம்பாது, ஹாரன் அலறும். ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். இன்று நாம் ரகசிய எண் என்று சொல்வதை அவர்கள் வெறும் சுவிட்சுகளால் செய்தார்கள்.

ஆனால் உலகம் அந்தப் பக்கம் போகவில்லை. வெகுகாலம் உலோகச் சாவியையும் அதன் பற்களையுமே நம்பியது. அடுத்து வந்தது ஸ்டியரிங் பூட்டு. அதில் ஒரு பாடம் இருக்கிறது, கவனியுங்கள். மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் பழைய கார், புதிய கார் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. கார்த் திருட்டு பெருமளவு குறைந்தது. பிரிட்டன் 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. அங்கே புதிய கார்கள் தப்பித்தன. திருடர்கள் பழைய கார்கள் பக்கம் திரும்பினார்கள். புதிய கார் வாங்க முடிந்தவரின் பூட்டுக்கு, வாங்க முடியாதவர் விலை கொடுத்தார். இது பிரிட்டனோடு முடிந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

நம்ம ஊர்ப் பக்கம்

1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதே ஆண்டு அன்றைய பிரதமர் மகாதீர் ஒரு சாகாவைத் தாமே ஓட்டிப் பினாங்குப் பாலத்தைக் கடந்தார். செப்டம்பரில் பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதுவரை தீவில் திருடிய காரை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் திருடனும் நம்மோடு ஃபெரி வரிசையில் காத்திருக்க வேண்டும். பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலம் அந்தச் சிரமத்தைத் தீர்த்துவைத்தது. இது என் வேடிக்கையான கணிப்பு, ஆராய்ச்சி முடிவு அல்ல.

அந்தக் காலத்துச் சாகாவிலும், 1993இல் வந்த வீராவின் தொடக்கக் கார்களிலும் சாவி என்பது வெறும் உலோகம்தான். வசதிக்கேற்ப ஆளாளுக்கு ஒரு காவல் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஸ்டியரிங்கில் இரும்புத் தடி மாட்டுவார், இன்னொருவர் பெடலுக்குப் பூட்டுப் போடுவார். பலர் சீட்டுக்கு அடியிலோ டேஷ்போர்டுக்குப் பின்னாலோ ஒரு மறைவு சுவிட்ச் வைத்துப் பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். பிறகு அலாரக் கடைகள் பெருகின. காரின் ஒயரை நடுவில் வெட்டி, ஒரு ரிலேயைச் செருகி, கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். நன்றாகத்தான் வேலை செய்யும். பத்து ஆண்டுகள் வெயிலிலும் கடற்காற்றிலும் காய்ந்த பிறகு அந்த இணைப்பு விட்டுப்போகும். அதற்குள் அலாரம் மாட்டியவர் கடையை மூடியிருப்பார். கார் மூன்று கை மாறியிருக்கும். ஒயர் எங்கே வெட்டப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. இன்றும் நம் ஊரில் பழைய கார் ஒன்று காரணமில்லாமல் நின்றால், நான் முதலில் சந்தேகப்படுவது அந்தக் கறுப்பு டேப்பைத்தான்.

வியப்பான விஷயம் என்னவென்றால், உலகக் கார்களுக்கு மின்னணுச் சரக்கு செய்து அனுப்பிய ஊரும் இதே பினாங்குதான். 1972இல் பாயான் லெப்பாஸ் வயல்வெளி தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கியபோது வந்திறங்கிய முதல் நிறுவனங்களில் இண்டெல், ஹிட்டாச்சி ஆகியவற்றோடு, கார் வானொலிக்குப் பெயர்பெற்ற கிளாரியனும், காரின் மின்சாதனங்களுக்குப் பெயர்பெற்ற பாஷும் இருந்தன. நம் அக்காள்மார், அத்தைமார் எத்தனையோ பேர் ஃபேக்டரி பஸ் ஏறிப்போய், பூதக்கண்ணாடிக்கு அடியில் அரிசியைவிடச் சிறிய சில்லுகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள். அப்படிப்பட்ட ஊரில், சாவிக்குள் ஒரு சில்லு இருப்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சாவிக்குள் ஒரு சில்லு

அந்தச் சில்லின் கதை 1986இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் செவர்லே கார்வெட் காரில், சாவியின் தண்டில் சிறு மின்தடை ஒன்றைப் பதித்தார்கள். கார் அதன் அளவைப் படித்துப் பார்த்துத்தான் எஞ்சினை விடும். மொத்தம் பதினைந்து அளவுகள்தான். தவறான சாவியைப் போட்டால் சில நிமிடம் கார் பிடிவாதமாக இருக்கும். பொறுமையுள்ள திருடனுக்குப் பதினைந்து சாவி போதும்.

1990களில் வந்ததுதான் இன்றைய முறை. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள், நெல்மணி அளவில் கண்ணாடிக் குப்பியாகவோ கறுப்புத் துண்டாகவோ ஒரு சில்லு. அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு செப்புக்கம்பி வளையம் இருக்கிறது. சாவியைத் திருகியதும் அந்த வளையம் அலைகளை அனுப்பும்; அந்த அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். காரின் கம்ப்யூட்டர் தன்னிடம் பதிந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் பெட்ரோலும் தீப்பொறியும் கிடைக்கும். பொருந்தாவிட்டால் சாவியின் பல் எவ்வளவு சரியாக இருந்தாலும் கார் அசையாது. இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறோம். நான் எஞ்சின் பூட்டு என்றே சொல்லிவிடுகிறேன்.

சுவர் இடிந்து கிழக்கு ஐரோப்பாவின் எல்லைகள் திறந்த பிறகு ஜெர்மனியில் கார்த் திருட்டு மிகுந்தது. காப்புறுதி நிறுவனங்கள் நெருக்கின. 1995இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆணை பிறப்பித்தது. 1998 அக்டோபரிலிருந்து அங்கே விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் எஞ்சின் பூட்டு கட்டாயம் ஆனது. ஆஸ்திரேலியா 2001இல் பின்தொடர்ந்தது, கனடா 2007இல். பயன் இருந்ததா என்றால், இருந்தது. நெதர்லாந்தில் இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 1995 முதல் 2008 வரையிலான கணக்கைப் பார்த்து, இந்தப் பூட்டினால் கார்த் திருட்டு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று எழுதினார்கள். பழைய கார்கள் பக்கம் திரும்பிய திருட்டையும் கழித்த பிறகு வந்த கணக்கு அது. அந்தக் கழித்தலில் இருப்பது யார்? பழைய கார் வைத்திருந்தவர்தான். மலேசியாவில் திருடர்களுக்குப் பிடித்த கார்களின் வரிசையில் வீரா பல காலம் முன்னணியில் இருந்ததற்கு, உதிரிப்பாகச் சந்தை ஒரு காரணம் என்றால், எளிதாகக் கிளப்ப முடிந்த பழைய பூட்டு இன்னொரு காரணம் என்பது என் எண்ணம்.

2005ஆம் ஆண்டு

இந்த வரலாற்றில் 2005ஆம் ஆண்டைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தையும் சேர்ந்தவர்கள், கோடிக்கணக்கான கார்ச் சாவிகளில் இருந்த ஒரு சில்லின் ரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். சில்லுக்குள் இருந்த ரகசிய எண் 40 பிட் நீளம்தான், இந்தக் காலத்துக்கு அது போதாது என்பது அவர்கள் வாதம். அது அறிஞர்கள் மேசையில் நடந்த உடைப்பு.

இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், நம் நாட்டுச் செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சுபாங் ஜெயாவில் ஒரு கணக்காளர். அவருடைய மெர்சிடிஸ் எஸ் ரகக் காரில் கைரேகை வைத்தால்தான் எஞ்சின் கிளம்பும். பாராங் கத்தியோடு வந்த கும்பல் அவரை மடக்கி, விரலை வைக்கச் சொல்லிக் காரைக் கிளப்பி, அவரையும் உள்ளே போட்டுக்கொண்டு போனது. வழியில் நிறுத்தி மறுபடியும் கிளப்பப் பார்த்தால் கார் மறுக்கிறது. பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அப்போது அந்தக் கும்பல் அவருடைய ஆள்காட்டி விரலின் நுனியை வெட்டி எடுத்தது. உடையையும் பறித்துக்கொண்டு அவரைச் சாலையோரத்தில் விட்டுப்போனது.

நேயர்களே, அந்தப் பூட்டை வடிவமைத்தவர்கள் திருடனை நினைத்தார்கள், காரை நினைத்தார்கள். பூட்டு மிகவும் நன்றாக இருந்தால் திருடன் அடுத்து எங்கே வருவான் என்பதை அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. சாவியாக இருந்தால் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம். விரலை எப்படிக் கொடுப்பது? பூட்டு எதுவாக இருந்தாலும், பறிக்க வந்தவனிடம் கொடுத்துவிட்டு உயிரோடும் முழு உடம்போடும் விலகிப்போக வழி விட்டிருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை ஒரு பூட்டை எடைபோட அதுதான் முதல் அளவுகோல்.

அறிஞர் உலகத்துக் கதையும் நிற்கவில்லை. 2012இல் ஐரோப்பிய ஆய்வாளர் மூவர் இன்னொரு சில்லின் பலவீனத்தைக் கண்டுபிடித்தார்கள். ஃபோல்க்ஸ்வாகன் நிறுவனம் 2013இல் லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டது. 2015இல்தான் கட்டுரை வெளிவந்தது, அதுவும் ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு. பூட்டே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று கிடைத்தது. கட்டாயச் சட்டம் இல்லாத அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை விற்ற கியா, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் இந்தச் சில்லு கிடையாது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் சிறுவர்கள் அவற்றை எளிதில் கிளப்பிக்கொண்டு போய், படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். விபத்தில் உயிர்களும் போயின. எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில், சட்டம் இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை. ஆக, பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

சரி, என் கார்

மூன்றாம் நாள் பட்டறையில் ஒரு இளைஞர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, வீட்ல இன்னொரு சாவி இருக்கா?"

இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அலமாரியில் கிடந்த இரண்டாம் சாவி. என் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். போட்டுத் திருகினேன், முதல் திருகிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த இளைஞர் என் பழைய சாவியை வாங்கி, நகத்தால் நெம்பித் திறந்து காட்டினார். உள்ளே சில்லு இருக்க வேண்டிய குழி காலி. அதற்கு முந்தின வாரம்தான் சாவியின் உறை உடைந்திருந்ததால், அஞ்சடியில் இருந்த ஒரு சாவிக் கடையில் புது உறை போட்டிருந்தேன். மலிவான உறை, சரியாகக் கவ்வவில்லை. ஃபெரியில் என் மகன் அதைத் திறந்து மூடி விளையாடியபோது நெல்மணி கீழே விழுந்திருக்கிறது. கடலுக்குள் போயிருக்கும். பல் சரியாக இருந்ததால் சாவி திரும்பியது, ஸ்டார்ட்டர் சுற்றியது; எண் சொல்ல ஆள் இல்லாததால் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடவில்லை. என் பழைய பெட்ரோல் பம்ப் நல்ல பம்ப்.

பட்டறைக்காரரை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அவர் கற்ற காலத்தில் கார் கிளம்பாவிட்டால் பெட்ரோல், தீப்பொறி, பேட்டரி ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். நான்காவதாக ஒன்று சேர்ந்திருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊகத்தில் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்க்கும் பழக்கத்துக்குக் காசு கொடுப்பது நாம். ஆகவே பட்டறைக்குப் போகுமுன் நாமே பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன்.

சாவியைப் பாதி திருகி டேஷ்போர்டைப் பாருங்கள். சாவி படமோ, பூட்டுப் போட்ட கார் படமோ ஒரு சிறு விளக்கு எரியும். பெரும்பாலான கார்களில் அது சில விநாடியில் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றாலோ படபடவென்று மின்னினாலோ, கார் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். ஸ்டார்ட்டர் ‘டக் டக்’ என்று மட்டும் சொன்னால் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி தளர்ந்திருந்தால் கம்ப்யூட்டரால் சில்லைச் சரியாகப் படிக்க முடியாமலும் போகலாம், அதனால் பேட்டரியைச் சரிசெய்துவிட்டுத்தான் பூட்டைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் பிடித்து, ஓரிரு விநாடியில் தானாக அணைந்தால், அது பல கார்களில் எஞ்சின் பூட்டின் கைரேகை. சாவிக்கொத்தில் இன்னொரு காரின் சாவி தொங்கினால் கழற்றிவிட்டு முயலுங்கள், இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம் வரும். பொத்தான் அமுக்கும் புதுவகைக் காரில் சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டால், பல கார்களில் சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினாலே கிளம்பும்.

இதெல்லாம் பார்த்த பிறகு இரண்டாம் சாவி. அதில் கிளம்பினால் நோய் முதல் சாவியில். அதிலும் கிளம்பாமல் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், சாவித் துவாரத்து வளையமோ, அதன் ஒயரோ, கம்ப்யூட்டரோ. அப்போது ஸ்கேனர் கருவி வைத்திருப்பவரிடம் போங்கள். கருவி என்ன பிழை காட்டுகிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு பிறகு சாமான் மாற்றச் சொல்லுங்கள். விளக்கு ஒழுங்காக அணைகிறது, ஆனாலும் கிளம்பவில்லை என்றால் எஞ்சின் பூட்டின் மேல் பழி போடாதீர்கள். பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம், அந்தக் கறுப்பு டேப்பாகவும் இருக்கலாம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் இரண்டாம் கை, மூன்றாம் கை கார்தான் வாங்குகிறோம். விலை பேசும்போது டயரைத் தட்டிப் பார்க்கிறோம், ஏர்கோன் குளிர்கிறதா என்று கை வைத்துப் பார்க்கிறோம். இரண்டாம் சாவி எங்கே என்று கேட்பதில்லை. ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்று பதிந்துகொள்வது ஒரு செலவு. இருந்த ஒன்றும் தொலைந்த பிறகு, பல கார்களில் கம்ப்யூட்டரையே கழற்றி எழுத வேண்டிவரும், அது வேறு செலவு. சாவி எண்ணோ ரகசியக் குறியீடோ எழுதிய சிறு தகடோ அட்டையோ கொடுத்தால் அதைக் காருக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

எனக்குப் புதுச் சாவி பதிந்து கொடுத்தவரிடம் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டு வாங்கினேன். இரண்டையும் அவர் கண்முன்னாலேயே போட்டுக் கிளப்பிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். என் மகனுக்கு இப்போது லைசன்ஸ் கிடைத்துவிட்டது. சாவியை இன்னும் அவன் விரலில் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறான்.